படைக்கலச் சாலையிலிருந்து சான்றிதழ் வரை: சர்வதேசத் தர முகாமை நியமங்களின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

தொழிற்சாலை, வங்கி, வைத்தியசாலை, ஏற்றுமதி நிறுவனம் என இன்று எவ்வகைப்பட்ட நிறுவனத்தினுள் நுழைந்தாலும், வரவேற்பறைச் சுவரிலே ‘ஐ.எஸ்.ஓ. 9001’ என்று பொறிக்கப்பட்ட சான்றிதழொன்று சட்டமிடப்பட்டுத் தொங்குவதைக் காணலாம். 2009 ஆம் ஆண்டின் இறுதியிலே உலகெங்கும் இத்தகைய சான்றிதழ்கள் பத்து இலட்சத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தன. இதனைப் பெற்ற நிறுவனம் விளம்பரங்களிலும் கடிதத் தலைப்புகளிலும் அதனைப் பொறித்துப் பெருமை கொள்கின்றது. எனினும் அச்சான்றிதழ் எதற்குச் சான்று பகர்கின்றது என்ற வினாவுக்கு, அதனைத் தொங்கவிட்டவர்களே பெரும்பாலும் தெளிவான விடை கூறுவதில்லை. நல்ல பொருளுக்கு இடப்படும் முத்திரை அது என்பதே பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது.

தேயிலையை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்கலாம். கறுப்புத் தேயிலைக்கென ஐ.எஸ்.ஓ. 3720 என்றொரு சர்வதேச நியமம் உண்டு. கொதிநீரில் இறங்கும் சாறு நிறையில் 32 சதவீதத்துக்குக் குறையலாகாது, மொத்தச் சாம்பல் 4 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும் என்றவாறு அது பொருளையே அளந்து கூறுகின்றது. ஆய்வுகூடமொன்றிலே ஒரு பிடி தேயிலையைக் கொண்டு அதனைச் சரிபார்த்துவிடலாம். ஐ.எஸ்.ஓ. 9001 இல் இத்தகைய எண் ஒன்றேனும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அதன் வாசகம் ஒன்றே. வாடிக்கையாளரின் தேவை யாதென நிறுவனம் தெளிந்துகொண்டதா, அதனை நிறைவேற்றும் முறையை வகுத்துக்கொண்டதா, வகுத்தவாறே நடப்பதற்குப் பதிவுகள் உண்டா, பிசகு நேர்ந்தவிடத்துக் காரணம் கண்டு திருத்தியதா என்பனவே அது வினவுபவை. பொன்னின் மாற்றை உரைத்தறியும் கல்லைக் கட்டளைக்கல் என்பர். எமது நாட்டில் நியமங்களை வகுக்கும் அரச நிறுவனத்தின் தமிழ்ப் பெயரிலும் ‘கட்டளை’ என்ற சொல்லே பயில்கின்றது. தேயிலை நியமத்துக்கு அச்சொல் நன்கு பொருந்தும். தர முகாமை நியமமோ பொன்னை உரைத்துப் பார்ப்பதில்லை. தட்டானின் பட்டறை ஒழுங்கையும் அவன் எழுதிவைத்த கணக்கையுமே பார்க்கின்றது.

பொருளை விட்டு, அப்பொருளை ஆக்கும் நிறுவனத்தின் உள்நடத்தையை அளக்கும் இம்முறை எவ்வாறு தோன்றியது? முகாமைத்துவப் பாடநூல்கள் இதனை அறிவின் இயல்பான முன்னேற்றமாகக் காட்டுவன: முதலிற் பரிசோதனை, பின்னர் கட்டுப்பாடு, அதன்பின் உறுதிப்பாடு, ஈற்றில் முகாமை என்று படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். வரலாறு வேறொரு சித்திரத்தைத் தருகின்றது. பொருளை வாங்குவோனின் அதிகாரம், சிறப்பாகப் படைக்கலங்களை வாங்கும் அரசின் அதிகாரம், பட்டறையின் உள்ளே சிறிது சிறிதாக நுழைந்த கதையே இது. அந்நுழைவு எதிர்ப்பின்றி நிகழவுமில்லை.

18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் துப்பாக்கி என்பது தனித்தனிக் கம்மியரின் அரத்தால் இழைத்துப் பொருத்தப்பட்ட கைவினைப் பொருளாகவே இருந்தது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. போர்க்களத்திலே உறுப்பொன்று முறிந்தால் கம்மியனையே நாட வேண்டும். பிரெஞ்சுப் படைக்கலத் துறையினர் இந்நிலையை மாற்ற முயன்றனர். 1785 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தூதராகப் பாரிசில் இருந்த தோமஸ் ஜெபர்சன், ஒனோரே பிளாங் என்னும் கம்மியனின் பட்டறையிலே, கலைத்துப் போடப்பட்ட துப்பாக்கி விசைகளின் உறுப்புகளைக் கைக்கு வந்தவாறு எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. அவ்வியப்பை அவர் தமது அரசுக்கு எழுதிய கடிதத்திலே காணலாம். இவ்வெண்ணத்தை அமெரிக்காவில் நிறைவேற்றிய பெருமை நெடுங்காலமாக எலி விட்னி என்னும் தனியார் உற்பத்தியாளருக்கே சூட்டப்பட்டு வந்தது. 1798 இல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்றவர் அவர். ஆனால் 20 ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைக் கலைத்துப் பார்த்தபோது உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தனியார் முயற்சியின் காவியத் தலைவர்களுக்கு இத்தகைய சோதனை நேர்வது அரிதன்று. உண்மையான சாதனை அரசுப் படைக்கலச் சாலைகளான ஸ்பிரிங்பீல்டிலும் ஹார்ப்பர்ஸ் பெரியிலும், அரசின் பணத்தினாலும் பல பத்தாண்டுப் பொறுமையினாலும் எய்தப்பட்டது.

ஹார்ப்பர்ஸ் பெரியின் கதை ஈண்டுச் சற்று விரிவாக நோக்கத்தக்கது. 1819 ஆம் ஆண்டில் அங்கு வந்த ஜோன் ஹோல், தாம் வகுத்த துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘கேஜ்’ எனப்படும் உருக்கு அளவுகோல்களை அமைத்தார். கம்மியனின் கண்ணும் கையும் அதுவரை பெற்றிருந்த தீர்ப்பு அதிகாரம் அந்த உருக்குத் துண்டுகளுக்கு மாறியது. பொருந்தினால் ஏற்கப்படும், இல்லையேல் கழிக்கப்படும். இதனை வெறும் தொழினுட்ப மாற்றமாகக் கொள்ளுதல் கூடாது. தன் நேரத்தைத் தானே வகுத்து, விரும்பியபோது பட்டறைக்கு வந்து, செய்த துண்டுக்குக் கூலி பெற்ற கம்மியனின் வாழ்வு முழுவதையும் அது தொட்டது. ஒழுங்கை இறுக்க முயன்ற மேலதிகாரி தோமஸ் டன் 1830 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வேலையிழந்த கம்மியன் ஒருவனாற் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அச்சாலை படை அதிகாரிகளின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. மணிக்கூட்டின்படி வேலை நேரம் விதிக்கப்பட்டது. 1842 ஆம் ஆண்டில் கம்மியர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். கால்வாய் வழியே படகொன்றை அமர்த்திக்கொண்டு வாஷிங்டனுக்குச் சென்று, சனாதிபதி டைலரைக் கண்டு, தாம் வெறும் இயந்திரங்களாக்கப்படுவதாக முறையிட்டனர். அவர் இன்சொல் கூறி வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மணிக்கூடு நிலைத்தது.

ஏறத்தாழ 70 ஆண்டுகளின் பின்னர் இன்னோர் அரசுப் படைக்கலச் சாலையிலே இதே முரண்பாடு மேலும் கூர்மை பெற்றது. பிரெடரிக் டெய்லரின் ‘விஞ்ஞான முகாமை’ முறை மசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் சாலையிற் புகுத்தப்பட்டபோது, 1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நிறுத்தற் கடிகாரத்துடன் தம்மருகே ஒருவர் நிற்பதை ஏற்க மறுத்து வார்ப்புத் தொழிலாளர் வெளியேறினர். தொழிற்சங்கங்களின் முயற்சியால் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக்குழு கூடியது. டெய்லரே அதன்முன் சாட்சியமளித்தார். 1915 ஆம் ஆண்டில், படைச் செலவுக்கான சட்டத்திலே நிறுத்தற் கடிகார ஆய்வைத் தடைசெய்யும் வாசகமொன்று சேர்க்கப்பட்டது. அத்தடை 1949 வரை நீடித்தது. தொழிலாளர் ஈட்டிய வெற்றி இதுவென்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கடிகாரத்தைத் தடுத்ததேயன்றி, டெய்லரியத்தின் உயிர்நிலையான கோட்பாட்டைத் தொடவில்லை. வேலையைப் பற்றிய அறிவு தொழிலாளியின் கையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, திட்டமிடும் அறையிலே எழுதப்பட்ட அறிவுறுத்தலாகி, மீண்டும் கட்டளையாக அவனிடம் வந்து சேர வேண்டும் என்பதே அக்கோட்பாடு. எழுத்திலமைந்த செயல்முறை இல்லையேல் தர முகாமை நியமம் இல்லை. அவ்வகையில் டெய்லரின் நிழல் ஐ.எஸ்.ஓ. 9001 வரை நீள்கின்றது எனலாம்.

தரவரலாற்றின் பிறிதொரு கிளையும் உண்டு. பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வோல்டர் ஷூஹார்ட், 1924 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரே பக்கத்தில் அடங்கிய குறிப்பொன்றிலே கட்டுப்பாட்டு வரைபடத்தை முன்வைத்தார். உற்பத்தியில் எப்போதும் ஏற்றத்தாழ்வு இருக்கும். அவற்றுள் இயல்பானவை எவை, தனிக் காரணத்தால் விளைந்தவை எவை எனப் புள்ளிவிபரவியல் கொண்டு பிரித்தறியலாம் என்பது அவர் கண்டது. இக்கருத்தின் சமூகப் பொருள் அதன் கணிதத்திலும் பெரிது. குறைபாடு நேர்ந்ததும் தொழிலாளியைப் பிடித்து உலுக்கும் மேற்பார்வையாளனுக்கு, அக்குறை அமைப்பிலிருந்தே பிறந்தது, அமைப்பை மாற்ற வல்லவர் முகாமையாளரே என்று அது கூறியது. ஷூஹார்ட்டின் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950 ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள், பொறியியலாளர் சங்கத்தின் அழைப்பில் அங்கு விரிவுரையாற்றினார். ஜோசப் ஜுரான் 1954 இல் சென்றார். 1962 முதல் தர வட்டங்கள் தோன்றின. யுத்தத்தில் அழிந்த யப்பானிய கைத்தொழில், இருபது ஆண்டுகளில் உலகச் சந்தையை அதிரவைத்ததற்கு இது ஒரு காரணம். டெமிங் பின்னாளில் முன்வைத்த 14 அம்சங்களுள் வேலைத்தலத்திலிருந்து அச்சத்தை அகற்றுதல் என்பதும் ஒன்று. தர வட்டம் தொழிலாளியின் அறிவை ஊதியமின்றிக் கறந்தெடுக்கும் உபாயம் என்ற விமர்சனத்திலும் உண்மையுண்டு; என்றாலும் அவ்வறிவு அவனிடம் உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

சர்வதேச நியமமாக உருப்பெற்றது இந்த யப்பானியக் கிளையன்று. இதுவே இவ்வரலாற்றின் திருப்புமுனை. இதற்கு உரிய கவனம் அளிக்கப்படுவதில்லை என்பது என் கருத்து.

1950களில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் புதியதொரு சிக்கலை எதிர்நோக்கியது. துப்பாக்கியை அளவுகோலிட்டுப் பார்க்கலாம். குண்டுகளிற் சிலவற்றை வெடித்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான மின்னணு உறுப்புகள் கொண்ட ஏவுகணையை அவ்வாறு சோதிக்க முடியுமா? ஏவிப் பார்த்தால் அது எஞ்சுவதில்லை. முடிந்த பொருளைப் பரிசோதித்துப் பயனில்லாதவிடத்து, அதனைச் செய்யும் நிறுவனத்தின் நடைமுறையையே பரிசோதிப்பதன்றி வேறு வழியில்லை. 1959 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த மில்-கியூ-9858 என்னும் படைத்துறை விவரக்கூற்று இத்தேவையின் விளைவு. ஒப்பந்தகாரர் தமக்கென எழுத்திலமைந்த தரத் திட்டமொன்றை வைத்திருத்தல் வேண்டும், பதிவுகளைப் பேணுதல் வேண்டும், துணை ஒப்பந்தகாரரையும் அதற்குள் அடக்குதல் வேண்டும், அரசின் பிரதிநிதி கேட்டபோது யாவற்றையும் காட்டுதல் வேண்டும் என்பது அதன் சாரம். 1963 இல் அது திருத்தப்பட்டது. 1968 இல் நேட்டோ அதன் வழியிலே தனது விதிகளை வகுத்தது. அமெரிக்காவின் அணுமின் நிலையங்களுக்கு 1970 இல் விதிக்கப்பட்ட 18 தர உறுதிப்பாட்டு அளவைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 1973 இல் நேட்டோ விதிகளைத் தழுவித் தனது நியமத்தை வெளியிட்டது.

படைத்துறையிற் பிறந்தது என்பதனால் மட்டும் ஒன்று இழிந்ததாகிவிடாது. இங்கு மனங்கொள்ளத்தக்கது வேறு. ஒரேயொரு பெருங் கொள்வனவாளன், அவனை அண்டி வாழும் பல வழங்குநர்கள் என்னும் உறவிலிருந்தே இந்நியமங்களின் இலக்கணம் பிறந்தது. ‘வழங்குநர் செய்தல் வேண்டும்’ என்பதே அவற்றின் வாக்கிய அமைப்பு. எதிரே நிற்பவன் வாங்குபவன். உள்ளே வேலை செய்பவன் அவ்வாக்கியத்தில் எழுவாயாக வருவதேயில்லை.

பிரித்தானியாவுக்குத் திரும்புவோம். 1901 ஆம் ஆண்டிலே பொறியியல் நியமங்களுக்கென முதலாவது தேசியக் குழுவை அமைத்த நாடு அது. அக்குழு கட்டட உருக்கு வகைகளை 175 இலிருந்து 113 ஆகவும், டிராம் தண்டவாள வகைகளை 75 இலிருந்து 5 ஆகவும் குறைத்தது. அக்காலத்து நியமம் பொருளின் நியமம். கைத்தொழிலில் முதன்மை பெற்ற நாட்டின் தன்னம்பிக்கை அதிலே தொனித்தது. 1970களில் நிலைமை தலைகீழாயிற்று. மோட்டார் சைக்கிளும் காரும் தொலைக்காட்சியும் யப்பானிலிருந்து வந்திறங்கின. உள்நாட்டிலோ பாதுகாப்பு அமைச்சும் மின்சார சபையும் பெரிய மோட்டார் நிறுவனங்களும் தத்தமக்கெனத் தனித்தனித் தர விதிகளை வைத்துக்கொண்டு, ஒரே வழங்குநரை மாறி மாறி மதிப்பிட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க, பாதுகாப்பு அமைச்சின் நியமத்தைக் குடிசார் கைத்தொழிலுக்கு இசைவித்து 1979 இல் பி.எஸ். 5750 வெளியிடப்பட்டது. கொள்வனவாளர் ஒவ்வொருவரும் வந்து பார்ப்பதற்குப் பதிலாக மூன்றாந் தரப்பொன்று பார்த்துச் சான்றிதழ் வழங்கும். அதனை எல்லோரும் ஏற்கலாம்.

அதே 1979 ஆம் ஆண்டில் மார்கிரட் தச்சர் ஆட்சிக்கு வந்தார். 1982 இல் அவருடைய அரசாங்கம் நியமங்கள், தரம், சர்வதேசப் போட்டி ஆகியவை பற்றி வெள்ளை அறிக்கையொன்றை வெளியிட்டுத் தரச் சான்றிதழை நாடளாவிய இயக்கமாக்கியது. தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. முதலீட்டுக்கும் தொழிற்பயிற்சிக்கும் அரசு பொறுப்பேற்கத் தயங்கிய வேளையில், ஆவணமும் கணக்காய்வும் மலிவான மாற்றாயின. யப்பானுக்கு மறுமொழியாக யப்பானின் முறையைக் கற்காமல், நேட்டோவின் விதிக்கோவையை எடுத்து நீட்டியது இவ்வரலாற்றின் பெரியதொரு முரண்நகை.

சர்வதேச நியமமாக்க அமைப்பு 1947 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆந் திகதி தொழிற்படத் தொடங்கியது. முந்திய ஆண்டு லண்டனிலே 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி அதனை அமைக்கத் தீர்மானித்திருந்தனர். நீள அளவீட்டுக்குரிய நியம வெப்பநிலை 20 பாகை என்பதே அது 1951 இல் வெளியிட்ட முதற் பரிந்துரை. நிறுவனங்களின் நடத்தையை வகுக்கும் எண்ணம் அதற்கு அப்போது இருக்கவில்லை. 1979 இல் தொழினுட்பக் குழு 176 அமைக்கப்பட்டு, அதன் செயலகம் கனடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் பின்னர், 1987 இல் ஐ.எஸ்.ஓ. 9000 தொடர் வெளிவந்தது. பி.எஸ். 5750 இன் சாயல் அதில் அச்சொட்டாகத் தெரிந்தது. 9001 இல் 20 தலைப்புகள்: முகாமைப் பொறுப்பு, ஒப்பந்த மீளாய்வு, ஆவணக் கட்டுப்பாடு, பரிசோதனை, பதிவுகள், உள்ளகக் கணக்காய்வு, பயிற்சி என்பன அவற்றுட் சில. ஒரே சந்தையாக இணைந்துகொண்டிருந்த ஐரோப்பா இத்தொடரை உடனடியாகவே தனதாக்கிக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் பொருள் விற்க விரும்பியோர் அனைவரும் அதன் பின்னே சென்றனர்.

1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் ஐ.எஸ்.ஓ. 9001 திருத்தியமைக்கப்பட்டது. 2000 இன் திருத்தம் ஆவணச் சுமையைக் குறைத்துச் செயன்முறை நோக்கை முன்வைத்தது. 2015 இன் திருத்தம் தரக் கைந்நூலின் கட்டாயத்தையும் நீக்கியது. ஊழியரின் ஈடுபாடு என்பது கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. டெமிங்கின் குரல் சற்றே காலந்தாழ்த்திக் கேட்டது எனலாம். இம்மாற்றங்களை விரிக்கின் பெருகும்.

இந்நியமத்தின் நோக்கம் யாது? அதன் சொந்தச் சொற்களிற் கூறுவதாயின், நம்பிக்கை அளித்தல். நேரில் கண்டறியாத வாங்குபவனுக்கு, கடல்கடந்து நிற்கும் விற்பவன் சொன்னதைச் செய்வான் என்ற நம்பிக்கை. உற்பத்தியும் நுகர்வும் கண்டங்களாற் பிரிக்கப்பட்டிருக்கும் உலகில் இதன் தேவையை மறுத்தல் இயலாது. நேர்மையாக நடைமுறைப்படுத்தப்படும் இடத்து அது தொழிலாளிக்கும் ஓரளவு கவசமாகின்றது. ‘சோதனையை விட்டுவிடு, கப்பல் காத்திருக்கின்றது’ என்று மேற்பார்வையாளர் வற்புறுத்தும்போது, எழுதப்பட்ட செயல்முறையைச் சுட்டிக்காட்டி மறுப்பதற்கு அது இடந்தருகின்றது. முன்னர் வாய்மொழியாகவே இருந்த பொறுப்புகள் எழுத்தில் வந்தமையாற் பழி சுமத்தல் கடினமாகின்றது. முற்போக்காளர் சிலர் இதனைப் புறக்கணித்து, நியமம் என்றாலே ஒடுக்குமுறை எனக் கொள்வது மேலோட்டமான பார்வையாகும். வினா எழுத்தைப் பற்றியதன்று. எழுதுவோர் யார், படித்துத் தீர்ப்பளிப்போர் யார், அத்தீர்ப்புக்குப் பணங் கொடுப்போர் யார் என்பதைப் பற்றியது. சர்வதேச நியமமாக்க அமைப்பு எவருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. அப்பணியைச் செய்வன தனி நிறுவனங்கள். மதிப்பிடப்படும் நிறுவனமே அவற்றுக்குக் கட்டணஞ் செலுத்துகின்றது. மாணவன் ஊதியங் கொடுத்துப் பரீட்சகரை அமர்த்துவதற்கு இது ஒப்பானது.

எமது நாட்டிலே 1964 ஆம் ஆண்டின் சட்டத்தால் நியமங்களுக்கான பணியகம் நிறுவப்பட்டது. 1984 ஆம் ஆண்டின் சட்டம் அதனை இன்றைய நிறுவனமாக்கியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே 1977 இன் திறந்த பொருளாதாரமும் 1978 இன் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயமும் வந்தன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். உள்நாட்டு நுகர்வோனைக் காக்கும் பொருள் நியமங்களில் தொடங்கிய நிறுவனம், ஏற்றுமதியாளரின் முகாமை முறைமைகளுக்கும் சான்றளிக்கும் பணியை மேற்கொண்டது இப்பொருளாதார மாற்றத்தின் இயல்பான தொடர்ச்சியே. வளர்முக நாடுகளுக்கெனச் சர்வதேச அமைப்பு 1961 இலேயே தனிக்குழு ஒன்றை அமைத்திருந்தது. ஆயினும் தொழினுட்பக் குழுக்களின் கூட்டங்களுக்கு நிபுணரை ஆண்டுதோறும் அனுப்பும் வசதி செல்வ நாடுகளுக்கே பெரிதும் உண்டு. விதியை எழுதுவோர் ஒருபுறமும் அதன்படி ஒழுகுவோர் மறுபுறமுமாக உலகம் பிரிந்துகிடப்பது இத்துறையிலும் காணப்படுகின்றது. கல்வியும் இதற்குப் புறம்பானதன்று. கல்வி நிறுவனங்களின் முகாமைக்கென ஐ.எஸ்.ஓ. 21001 என்னும் நியமம் 2018 இல் வெளிவந்தது. தர உறுதிப்பாடு என்ற தொடர் எமது பல்கலைக்கழகங்களிலும் பழக்கப்பட்டுவிட்டது. விரிவுரையின் பயன் பதிவேட்டில் அகப்படுமா என்பது தனியாக ஆராயத்தக்கது.

முறைமைக்கு அளிக்கப்படும் சான்று பொருளுக்கும் மனிதருக்கும் காவலாகுமா என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சோதித்தன. பிரான்சில் மார்பக உட்பதிப்புகளை ஆக்கிய நிறுவனமொன்று, மருத்துவத்துக்கு உகந்த சிலிக்கோனுக்குப் பதிலாகக் கைத்தொழிற் சிலிக்கோனை நிரப்பி விற்றமை 2010 இல் வெளிப்பட்டது. ஐரோப்பியச் சட்டத்தின்படி அதன் தர உறுதிப்பாட்டு முறைமையை மதிப்பிட்டுவந்த அமைப்பு, முன்னறிவித்தல் கொடுத்தே அங்கு சென்றுவந்தது. அந்நாள்களில் மாற்றுச் சிலிக்கோன் மறைத்துவைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்களின் தொகை இலட்சங்களில் அடங்கும். பிரெஞ்சு நீதிமன்றங்களிலே தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஐயுறுதற்குரிய சான்று இல்லாதவிடத்து அத்தகைய மதிப்பீட்டு அமைப்பு முன்னறிவித்தலின்றிச் செல்லவோ, பொருளைச் சோதிக்கவோ, வர்த்தக ஏடுகளைப் பார்க்கவோ பொதுவாகக் கடப்பாடுடையதன்று எனத் தீர்ப்பளித்தது. ஐயம் எழுமாயின் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் பார்க்காதவனுக்கு ஐயம் எவ்வாறு எழும்?

மற்றையது எமக்கு இன்னும் அண்மையானது. தர முகாமை நியமத்தின் கணக்காய்வு முறையைப் பின்பற்றி, தொழிலாளர் நலனுக்கென எஸ்.ஏ. 8000 என்றொரு நியமம் 1997 இல் உருவாக்கப்பட்டது. வழங்குநரிடம் கேட்கப்படும் கேள்விகள் மாறின. கேட்கும் முறை மாறவில்லை. 2012 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கராச்சி நகரின் ஆடைத் தொழிற்சாலையொன்றுக்கு இத்தாலியச் சான்றிதழ் நிறுவனமொன்று இந்நியமத்தின்படி சான்றிதழ் வழங்கியது. கணக்காய்வைத் துணை ஒப்பந்தத்தில் உள்ளூர் நிறுவனமொன்றே செய்தது. செப்டெம்பர் 11 ஆந் திகதி அங்கு தீ மூண்டது. யன்னல்களுக்குக் கம்பியடிக்கப்பட்டிருந்தது, வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன. 250 பேருக்கு மேல் மாண்டனர்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 ஆந் திகதி வங்காளதேசத்தில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபின்னர், வேறொரு வகைப்பட்ட ஏற்பாடு தோன்றியது. 2013 ஆம் ஆண்டு மே மாதத்திற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையில், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் ஒரு தரப்பாகவும் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனங்கள் இரண்டு மறு தரப்பாகவும் ஒப்பமிட்டன. அது சட்டத்தாற் பிணிப்பது. பொறியியலாளரின் பரிசோதனை அறிக்கைகள் யாவரும் காணப் பகிரங்கமாக்கப்பட்டன. ஆபத்தான கட்டடத்தினுள் நுழைய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் அளிக்கப்பட்டது. 1,600 அளவிலான தொழிற்சாலைகள் அதற்குள் அடங்கின. வாசல்கள் பூட்டப்படாதிருத்தல் வேண்டும் என்பது அங்கு முதலிற் சரிபார்க்கப்பட்டவற்றுள் ஒன்று. கராச்சித் தீ நிகழ்ந்து பத்தாண்டுகள் கழிந்தபின்னர், 2023 ஆம் ஆண்டில், அவ்வுடன்படிக்கை பாகிஸ்தானுக்கும் விரிவாக்கப்பட்டது.